மாரி ஊட்டு பாஸ்

போன திங்கட்கிழமை காலை. கும்மிடிப்பூண்டியில் ஒரு பைப் தொழிற்சாலையின் வாசல். செக்யூரிட்டி கூண்டுக்குள் இருந்த கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெரியவரின் முகம். பல் இல்லாத வாய், நெற்றி நிறைய விபூதி. திரைக்கு எதிரே டிபன் பாக்ஸுடன் நின்றிருந்தவனுக்கு மீசை அடர்த்தியாக, கறுப்பாக இருந்தது.

செக்யூரிட்டி திரையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது யாருபா?"

"எங்க தாத்தா."

"அப்போ நீ யாரு?"

"நான்தான் வேலைக்கு வர்றவன்."

"தாத்தா இன்னா பண்றாரு?"

"ஊட்ல கீறாரு."

பின்னால் வரிசை நின்றது. அடுத்து வந்தவனுக்குத் திரையில் அவனுடைய அப்பா. அதற்கடுத்தவனுக்குப் பெரியப்பா. வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்... அந்தத் திரைக்குப் பின்னால் ஓடிய புரோகிராமை எழுதியது நானாக இல்லாமல் இருந்திருந்தால்.

எழுத்து எனக்குச் சோறு போடுவதில்லை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பத்தாவதைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனர், நெல்லூரில் பேக்கரி, அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தில் சாம்பல் அள்ளும் வேலை என்று சுற்றிவிட்டுத் திருவள்ளூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் தரை துடைக்கச் சேர்ந்தேன். துடைத்தது போக மிச்ச நேரத்தில் கற்றதுதான் இந்த வெப் புரோகிராம் வேலை. சின்னக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். கும்மிடிப்பூண்டிக்கு மட்டும் ஏனோ திரும்பத் திரும்ப வருகிறேன்.

வேப்பம்பட்டு வாசகர் ஒருவர் ரொம்ப நாளாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். 'வெப் அப்ளிகேஷன் எழுத வளைந்து கொடுக்கிற கருவி நல்லதா, கறாரான கருவி நல்லதா? உங்கள் அனுபவம் என்ன?'

இந்த வாரம் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதில் அவருக்குப் பிடிக்காது.

கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஷேர் ஆட்டோவில் போயிருக்கிறீர்களா? கை காட்டினால் நிற்கும். இடமே இல்லாவிட்டாலும் டிரைவர் பக்கத்தில் அரை ஆளுக்கு இடம் பிறக்கும். சந்துக்குள் விடச் சொன்னால் விடுவார். சில நாள் சாக்கடையிலும் விடுவார். பி.எச்.பி. என்று ஒன்று இருக்கிறது. அதில் நான் எழுதுகிற புரோகிராம் அந்த ஷேர் ஆட்டோ மாதிரி. எதை எங்கே வேண்டுமானாலும் போடலாம். பெயர் எழுதுகிற இடத்தில் நம்பர் எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். காலியாக விட்டாலும் கோபப்படாது.

இன்னொரு வகை, மின்சார ரயில். ஸ்டேஷனில் மட்டும்தான் நிற்கும். நீங்கள் தண்டவாளத்தின் ஓரம் நின்று இரண்டு கையையும் ஆட்டினாலும் நிற்காது. ஃபிரேம்வொர்க் என்று இப்போது வந்திருக்கிறதே, அதில் கறாரான சில இப்படித்தான். எந்தத் தகவல் எந்த வடிவத்தில் வரும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த ஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்லும். ஒன்று குறைந்தாலும் திரையில் சிவப்பாக எழுத்து வரும். நாம் போட்ட விதியை அது நமக்காகக்கூடத் தளர்த்தாது.

எது நல்லது? அவசரமாகச் சந்துக்குள் போக வேண்டியவனைக் கேட்டால் ஆட்டோ என்பான். ஆட்டோ கவிழ்ந்து கால் உடைந்தவனைக் கேட்டால் ரயில் என்பான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

தணிகாசலம் என்று ஒரு காண்ட்ராக்டர். நான் சொன்ன அந்த பைப் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்புகிறவர். சொந்த ஊர் கடம்பத்தூர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. நான் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை 'ரைட்டரு' என்பார். அதில் மரியாதை ஒன்றும் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்கு ஒரு வருகைப் பதிவு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பி.எச்.பி.யில்தான். வாசலில் இருக்கிற செக்யூரிட்டி ஆளைப் பார்த்து, பெயரை அழுத்தி உள்ளே விடுவார். தப்பாகப் பதிந்தால் ஆபீஸில் சூப்பர்வைசர் திருத்திக்கொள்ளலாம். எதையும் திருத்தலாம். தணிகாசலம் கேட்டது அதுதான். "கட்டிப் போடாத மாரி ஒண்ணு குடுபா" என்றார்.

பக்கத்தின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி வைத்தேன். யாரும் கேட்கவில்லை. இடம் காலியாக இருந்தது, வைத்தேன்.

அந்தப் பெட்டிதான் அந்த வாசலின் உயிர் என்பது பிறகுதான் தெரிந்தது. செக்யூரிட்டி அதில் எழுதாத விஷயம் இல்லை. 'லேட். பஸ் வரல.' 'ஷூ பிஞ்சிருச்சி. செருப்போட உட்டேன்.' 'நாஷ்டா சாப்பிடல, மயக்கமா கீறான், வெயிலு வேலை தராதீங்க.' 'மாரி ஊடு. தம்பி வந்துருக்கான்.'

இந்த 'மாரி ஊடு' மாதிரி நிறைய இருந்தன. பழவேற்காடு ஏரி ஓரம் ஒரு குப்பத்திலிருந்து வருகிற ஆட்கள். தொழிற்சாலை வந்த புதிதில் ஊரைச் சமாதானப்படுத்த ஒரு பேச்சு நடந்ததாம். ஊட்டுக்கு ஒரு பாஸ். வீட்டுக்கு ஒருவருக்கு உள்ளே வேலை. அதனால் அந்த ஊர்க்காரர்களின் பாஸில் ஆளின் பெயருக்குப் பதிலாக வீட்டின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. என் புரோகிராம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறியது யாராக இருந்தால் ஆட்டோவுக்கு என்ன?

மாரி எனக்கு ரயில் சிநேகம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஏரியில் இறால் பிடிப்பவர். விற்க மீஞ்சூர் வரை கூடையோடு வருவார். மூத்த மகன் என்பதால் அப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். போன மாதம் ஒரு நாள் ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, அந்த கேட்டு கம்ப்யூட்டரு நீதான செஞ்ச?"

"ஆமா."

"அதுல எங்க ஊட்டு ஞாயித்துக்கெழமைய காணோம்."

"காணோம்னா?"

"வேலைக்கு வந்த நாளு. கேட்ல ஏறுது. செக்யூரிட்டி நல்லா அமுக்கிக் காட்றாரு. திங்கக்கெழமை பாத்தா இல்ல. ஜெகனு அழிச்சிட்றான். கூலி கேட்டா, நீ வரவே இல்லன்றான். வந்தவன் வரலன்னா அப்போ உள்ள பைப்பு தூக்கினது யாரு? பேயா?"

ஜெகன்தான் அந்த சூப்பர்வைசர். தணிகாசலத்தின் மச்சான்.

"இன்னும் நாலு ஊட்டுக்கும் இப்பிடித்தான் பண்ணிக்கினு கீறான்" என்றார் மாரி. "அண்ணா, ஒருத்தனும் கை வைக்க முடியாத மாரி ஒண்ணு செய்ய முடியாதா? ஏறினா ஏறினதுதான். அப்பன் வந்தாலும் அழிக்கக் கூடாது."

"முடியும்."

"அப்போ செய்யி. புண்ணியமாப் போவும்."

கூடையை எடுத்துக்கொண்டு மீஞ்சூரில் இறங்கிவிட்டார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. அந்த அழிக்கிற பட்டனை நான்தான் வைத்திருந்தேன். திருத்துவதற்கு வைத்த வசதி. ஒருவன் திருத்த, இன்னொருவன் திருட.

அடுத்த வாரமே தணிகாசலம் கூப்பிட்டார். தொழிற்சாலைக்கு எதிரே ஒரு டீக்கடையின் மாடிதான் அவருடைய ஆபீஸ்.

"ரைட்டரு, பேஜாரு ஆயிடுச்சிபா. பைப் கம்பெனிக்காரன் ஓலை உட்டுக்கிறான். ஆளுக்கு ஒரு நம்பரு, நம்பருக்கு ஒரு மூஞ்சி. கேட்ல போட்டோ வரணுமாம். ஏத்துனத மாத்தக் கூடாதாம். இன்னா செய்லாம்?"

இரண்டு வழி இருக்கிறது என்றேன். பழைய பி.எச்.பி. புரோகிராமிலேயே போட்டோவைச் சேர்த்து ஒட்டுப் போடலாம். அல்லது கறாரான ஃபிரேம்வொர்க் ஒன்றில் முதலிலிருந்து எழுதலாம்.

"எது சுளுவு?"

"ஒட்டுப் போடறது."

"அப்போ ஒட்டே போடு. மேல பாக்க கறாரா இருக்கட்டும். உள்ள நம்மளுக்குன்னு ஒரு சந்து வச்சிடு. இன்னா புரிஞ்சுதா?"

புரிந்தது. அந்தச் சந்து வழியாக ஜெகன் போய்வருவான். மாரி வீட்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி காணாமல் போகும்.

வாழ்க்கையில் கொள்கைக்காக நான் சண்டை போட்டது கிடையாது. பசிக்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. அன்றைக்கு மட்டும் என்னவோ மனசு முறுக்கிக்கொண்டது. சண்டை போடவில்லை, பயமுறுத்தினேன்.

"அண்ணே, கம்பெனிலேருந்து ஆடிட்டர் வருவான். சந்து வச்சா மோப்பம் பிடிச்சிடுவான். ஒட்டுப் போட்ட புரோகிராம்ல எவ்ளோ மறைச்சாலும் எங்கயாவது நூல் தெரியும். மாட்டினா உங்க காண்ட்ராக்டே போய்டும்."

தணிகாசலம் டீயைக் குடித்து முடித்தார்.

"மச்சான் திட்டுவானே..."

"காண்ட்ராக்ட் போனா அவரே வேலைக்கு இருக்க மாட்டாரு."

"சரி" என்றார். "அந்த ரயிலையே ஓட்டு."

எழுதினேன். வேப்பம்பட்டு வாசகருக்காகச் சொல்கிறேன்: எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. என் பழைய புரோகிராமைத் திறந்தால் எனக்கே தலையும் வாலும் புரியாது. 'மாரி ஊடு' என்பதே ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்தது. புதியதில் எல்லாம் அதனதன் இடத்தில். நாளைக்கு நான் எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிட்டாலும் வேறொருவன் வந்து திறந்தால், எது எங்கே என்று அவனுக்குத் தெரியும். முதல் தடவையாக நான் ஒழுங்காக ஒரு வேலை செய்வதாக எனக்குத் தோன்றியது.

ஓர் ஆள், ஓர் எண், ஒரு முகம். வாசலில் செக்யூரிட்டிக்கு இரண்டே பட்டன். 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை'. பொருந்தவில்லை என்று அழுத்தினால் அந்த எண் மூடிக்கொள்ளும். கம்பெனி சொன்னபடி.

குறிப்புப் பெட்டி இல்லை. "கண்டதையும் எழுதுற இடம் இருக்கக் கூடாது" என்று கம்பெனி சொல்லியிருந்தது. எடுத்துவிட்டேன்.

போட்டோ எடுப்பதற்கு ஊருக்குத் தகவல் போனது. பாஸ் உள்ள வீடுகளிலிருந்து வந்து போட்டோவுக்கு நிற்க வேண்டும். ஜெகன்தான் வெப் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் பக்கத்து அறையில் பழைய பெயர்களைப் புதியதில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜெகன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அழிக்கிற பட்டன் போன கடுப்பில் இருந்தான். பாஸை வாங்கினான், முகத்தைப் பிடித்தான், அடுத்த ஆள்.

மாரி வந்திருந்தார். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை. போட்டோ முடிந்து போகும்போது என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, நின்னுட்டேன். இனிமே ஒருத்தனும் அழிக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"அது போதும்."

அவருக்குப் பின்னால் படிக்கட்டில் அந்த ஊர்ப் பெரியவர்கள் சிலர் மெல்ல இறங்கிப் போனதைப் பார்த்தேன். விபூதி பூசியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரியவர்களெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்து வந்ததுதான் நான் முதலில் சொன்ன திங்கட்கிழமை.

வரிசையில் மாரியின் தம்பி சேகரும் இருந்தான். திரையில் படிய வாரிய தலையோடு மாரி. செக்யூரிட்டிக்கு சேகரை நன்றாகத் தெரியும். அவனுக்கு பஸ் வராத கதை தெரியும், ஷூ பிய்ந்த கதை தெரியும்.

"டேய் சேகரு, உன் மூஞ்சி எங்கடா?"

"அண்ணன் நின்னாரு. எங்க ஊட்டு பாஸு அதான்."

செக்யூரிட்டி என்னைப் பார்த்தார். "சார், குறிப்பு போட்ற எடம் எங்க சார்?"

"இல்லீங்க. எடுத்துட்டோம்."

"அப்போ இத எப்பிடி எழுதுறது?"

திரையில் இரண்டு பட்டன்கள். ஒன்று பொய். ஒன்று நிஜம். பொய்யை அழுத்தினால் அவர் வேலை போகும். கூண்டுக்கு வெளியே தொழிற்சாலையின் ஆள் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்யூரிட்டி 'பொருந்தவில்லை'யை அழுத்தினார். அழுத்திவிட்டு, "மன்னிச்சிக்கோடா" என்றார். அந்த ஊர்க்காரர்கள் வந்த அத்தனை தடவையும் அதையே அழுத்தினார். மன்னிப்பு கேட்பதை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார்.

மத்தியானம் மாரி வந்தார். ஏரியிலிருந்து நேராக. கால்களில் சேறு காய்ந்திருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"போட்டோவுல நான்தான கீறேன். நான்தான ஊட்டுக்குப் பெரியவன்."

"வேலைக்கு வர்றது சேகர்தானே, மாரி? எப்பவாவது வருவான்னு நினைச்சேன். எல்லா நாளும் அவன்தானா?"

"அவன்தான் வருவான். எனக்கு ஏரி கீதே. ஞாயித்துக்கெழமை அழிச்சதும் அவன் வந்த நாளுதான். அதுக்கின்னா?"

பிறகுதான் விளக்கினார். எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். ஏரியில் இறால் பிடிக்கிற இடங்களை அந்த ஊர் முறை போட்டுப் பிரித்துக்கொள்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். குலுக்கல் நடக்கும். வீட்டுக்குப் பெரியவர் குளித்துவிட்டுப் போய் சீட்டு எடுப்பார். எந்த இடம், எந்த நாள் என்று வருகிறதோ அது அந்த வீட்டின் பாடு. வலையோடு இறங்குவது அவரா, தம்பியா, மகனா என்று யாரும் பார்ப்பதில்லை. சீட்டுக்குப் பெரியவர், தண்ணீருக்கு முடிந்தவர். ஏரி அப்படித்தான் நடக்கிறது. சண்டை இல்லை, வழக்கு இல்லை.

போட்டோவுக்கு வரச் சொன்னதும் ஊர் அதைக் குலுக்கல் மாதிரி எடுத்துக்கொண்டது. அதனால்தான் விபூதி. அதனால்தான் இஸ்திரி போட்ட சட்டை.

"அது ஏரி, மாரி. இது கம்பெனி" என்றேன். சொல்லும்போதே அசட்டுத்தனமாக இருந்தது.

"கம்பெனி எங்க ஊர்ல வந்து பேசும்போது ஊட்டுக்கு ஒண்ணுன்னுதான சொன்னாங்க? ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லலியே?"

நான் தொழிற்சாலை வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"செரி உடு. என் மூஞ்சிய எடுத்துட்டு சேகரு மூஞ்சிய வச்சிடு."

"மாத்த முடியாது."

"நீதான செஞ்ச?"

"நான்தான் செஞ்சேன்."

"அப்போ நானே வேலைக்கு வர்றேன். என் மூஞ்சிதான கீது?"

"நம்பர் மூடிக்கிச்சி. ஆள்மாறாட்டம்னு ஏறிடுச்சி. இனிமே உன் மூஞ்சிக்கும் திறக்காது."

மாரி குனிந்து காலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். ஒரு டிரெய்லர் லாரி பைப்புகளை ஏற்றிக்கொண்டு போனது. அது போகிற வரைக்கும் பேச முடியாது, அவ்வளவு சத்தம்.

"ஒருத்தனும் கை வைக்க முடியாத மாரி செய்யின்னு நான்தான கேட்டேன்" என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, திட்டு மாதிரியும் இல்லை.

தணிகாசலத்திடம் போனேன். நேராக டேட்டாபேஸுக்குள் இறங்கிக் கையால் மாற்றினால் முடியும், விதிகளையெல்லாம் தாண்டிக்கொண்டு. அதைச் சொன்னேன். அந்த ஊருக்கு மட்டும் மறுபடி போட்டோ எடுக்கலாம் என்றேன். ஊரோடு பேசின பேச்சு இருக்கிறதே என்றேன்.

அவர் சிரித்தார்.

"ரைட்டரு... சந்து வச்சா மோப்பம் புடிப்பான்னு சொன்னது யாரு? இப்போ நீயே சந்து கேக்குறியே."

"இது வேற விஷயம்ணே."

"சந்துன்னா சந்துதான்பா. அதுல திருடனும் போவான், உன் சிநேகிதனும் போவான். தெனம் சாயங்காலம் இங்கேருந்து கம்பெனிக்கு அந்த லிஸ்ட்டு ஒரு காப்பி போவுது. நேத்து ஒரு மூஞ்சி, இன்னிக்கு ஒரு மூஞ்சின்னா என்னத் தூக்கி வெளிய போடுவான்."

"அந்த ஊர்ல எல்லா வீட்டு பாஸும் போச்சே."

"போச்சு. நான் இன்னா பண்ண? வடக்கேருந்து ஆளு வந்து கீறான். ஷெட்ல படுத்துக்குறான். அவன் மூஞ்சி, அவனே வேலை. ஒரு ரோதனை இல்ல."

கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

தொழிற்சாலை ஆபீஸுக்கும் போனேன். வீட்டுக்கு ஒரு பாஸ் என்று பேசிய அதிகாரி எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டாராம். அப்படி ஒரு பேச்சு நடந்ததே இப்போது இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்கள். அதில் ஆள்தான் இருந்தது, வீடு இல்லை. இருக்காது. நான்தானே எழுதினேன்.

சரி, ஜெகனையாவது அடக்கினோமே என்று ஒரு ஆறுதல் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்றேன். ஷிஃப்ட் முடிந்தது. ஆட்கள் வரிசையாக வந்தார்கள். செக்யூரிட்டி ஒவ்வொருவரையும் திரையோடு ஒப்பிட்டு வெளியே போனதாகப் பதிந்தார். எல்லா முகமும் பொருந்தியது. அழகாக இருந்தது.

வெளியே வந்தவர்கள் பஸ் ஸ்டாப் பக்கம் போகவில்லை. சுவரை ஒட்டி நடந்தார்கள். சுவரின் கடைசியில் லாரி போகிற ஒரு கேட். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. அங்கே ஜெகன் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொருவராக மறுபடி உள்ளே போனார்கள். ஷெட்டில் விளக்கு எரிந்தது. பைப் உருளுகிற சத்தம் கேட்டது.

ஜெகன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"இன்னாண்ணா, உன் சிஸ்டம் சூப்பரா கீது. எல்லாரும் டயத்துக்கு வூட்டுக்குப் பூட்டாங்கன்னு எழுதிக்கிது. எவனாலயும் மாத்த முடியாதாமே?"

வேப்பம்பட்டு நண்பரே, உங்கள் கேள்விக்கான பதில் இதுதான். இளகிய கருவியில் பொய் எழுதினார்கள். ஆனால் ஓரத்தில் நிஜத்தை எழுத ஒரு பெட்டி இருந்தது. கறாரான கருவியிலும் பொய்தான் எழுதுகிறார்கள். அதை இனி யாராலும் அழிக்க முடியாது. நடுவில் நல்லதாக ஒன்று இருக்கக்கூடும். உங்களைப் போலப் படித்தவர்கள் கண்டுபிடியுங்கள். வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, அதன் கீழே நான்கு முகம் வைக்க அந்தக் கறாரான கருவியிலேயே வழி உண்டு. நானும் யோசித்திருக்கலாம். ஆனால் அப்படி ஒன்று தேவை என்று யாராவது முதலில் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் இருந்தவர்கள் அதைச் சொல்ல வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை. அவர்களுக்கு அது காற்று மாதிரி, தண்ணீர் மாதிரி. எனக்கோ கேட்கத் தோன்றவில்லை. கருவியைத் தேர்ந்தெடுப்பதிலேயே மும்முரமாக இருந்தேன்.

நேற்று ரயிலில் மாரியைப் பார்த்தேன். கூடை பாதிதான் நிரம்பியிருந்தது. எதிர் சீட்டில் உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"சேகரு ஆந்திரால தடா பக்கம் போயிட்டான். அங்க ஒரு கம்பெனில சேத்துக்குறாங்களாம்."

"நல்லது."

"அங்கயும் கேட்ல போட்டோ புடிக்கிறாங்களாம். 'அண்ணே, நீ வர்றியா'ன்னு கேட்டான். இனிமே உன் மூஞ்சிக்கு நீயே நில்லுடான்னுட்டேன்."

அவரே சிரித்தார். எனக்கு வரவில்லை.

"ஏரிக்கு?"

"ஏரிக்கு நான் ஒருத்தன்தான். எனக்கு ஒடம்புக்கு வந்தா பாடு போச்சி. தம்பி இங்க இருந்தவரிக்கும் அந்தக் கவல இல்ல." வெளியே பார்த்தார். "ஒரு ஊடா இருந்தோம். இப்போ ரெண்டு ஆளாயிட்டோம்."

மீஞ்சூர் வந்தது. இறங்கினார். வண்டி கிளம்பிய பிறகு ஒருவன் பிளாட்பாரத்தில் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தான். வண்டி நிற்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தணிகாசலம் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ரைட்டரு, சிஸ்டம் பக்காபா. போட்டதுலேருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வரல."

எப்படி வரும்? கம்ப்ளெயின்ட் சொல்ல வேண்டிய முகம் எதுவும் அந்த வாசலில் பொருந்துவதில்லை.